கண்படை: பொருநைக் கரையில் உறக்கத்தின் வரலாறு

பாளையங்கோட்டையிலிருந்து சீவலப்பேரிக்குச் செல்லும் வழியில் போய், மருகால்தலை என்னும் சிற்றூரை அடைந்து, அதன் அருகே நிற்கும் குன்றின் மீது ஏறுபவர், பாறையின் மடியில் இயற்கையாக அமைந்த ஒரு குகைத்தளத்தையும், அதனுள் ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கும் அளவுக்கு உளிகொண்டு சமன்செய்த கற்படுக்கைகளையும் காண்பர். இத்தகைய இடங்களைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்று சொல்வது தென்னாட்டு வழக்கம்; உண்மையில் அவை, ஊர் ஊராகச் சஞ்சரித்த சமணத் துறவிகள் தங்கித் துயில்வதற்காக இல்லறத்தார் செய்து கொடுத்தவை. அந்தக் குகையில் தமிழி எழுத்தில் ஒரே ஒரு வரி வெட்டப்பட்டிருக்கிறது. 1906-ஆம் ஆண்டில் அறிஞர் பார்வைக்கு வந்த அவ்வரி, காசிபன் என்று பெயர் பூண்ட ஒருவன் இக்கற்படுக்கையைக் கொடுத்தான் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு நாட்டின் தொன்மையான கல்லெழுத்து என்றவுடன், அரசன் ஒருவன் பகைவரை வென்றதையோ, கோயிலுக்கு நிலம் விட்டதையோ அது பேசும் என்று நாம் எதிர்பார்ப்போம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, பொருநை என்னும் தாமிரவருணியின் பள்ளத்தாக்கில் ஒருவன் கல்லில் எழுதி வைக்கத் தகுந்தது என்று கருதிய தர்மமோ, களைத்து வந்தவனுக்கு ஒரு படுக்கை கொடுத்தது. பள்ளி என்னும் சொல்லுக்குப் படுக்கை என்பது ஒரு பழைய பொருள். துறவிகள் படுத்த இடம் பள்ளியாயிற்று. அவர்கள் அங்கே பாடம் சொன்னதால் கல்வி பயிலும் இடமும் பள்ளியாயிற்று என்று சொல்வோர் உண்டு. இறைவன் துயிலும் அறை பள்ளியறை. அவனை எழுப்பும் பாட்டு திருப்பள்ளியெழுச்சி. பள்ளிக்கூடங்களால் கீர்த்தி பெற்ற பாளையங்கோட்டையில் வாழும் நாம், நம் ஊரின் பெருமையைச் சொல்லும் அச்சொல்லுக்குள்ளே உறக்கம் இருப்பதை அநேகமாக மறந்துவிட்டோம்.

பழந்தமிழர் மறக்கவில்லை. தொல்காப்பியப் புறத்திணையியலில் பாடாண் பகுதியில் கண்படை நிலை என்று ஒரு துறையும், துயிலெடை நிலை என்று ஒரு துறையும் வைக்கப்பட்டிருக்கின்றன. பின்னது துயிலும் மன்னனை எழுப்புவது. முன்னதற்கு நச்சினார்க்கினியர் கூறும் விளக்கத்தை நான் முதன்முதலாகப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் வாளா இருந்தேன். அரசன் அவையில் நெடுநேரம் வீற்றிருந்துவிட்டால், அவன் கண்துயில வேண்டும் என்று கருதி மருத்துவரும் அமைச்சரும் எடுத்துச் சொல்வதே அத்துறை என்கிறார் அவர். அமைச்சரோடு மருத்துவரையும் சேர்த்தாரே, அதுதான் விசேஷம். நாட்டை ஆள்பவன் உறங்காதிருந்தால் நாட்டுக்குக் கேடு என்று அமைச்சன் அஞ்சுகிறான். தேகத்துக்குக் கேடு என்று மருத்துவன் அஞ்சுகிறான். ஆக, உறக்கத்தைச் சோம்பலின் தோழனாகக் கண்டித்த அதே தமிழ் மரபு, உரிய நேரத்தில் கொள்ளும் உறக்கத்தை ஓர் அரசியல் கடமையாகவும் மதித்திருக்கிறது.

அந்த மருத்துவர்கள் எதைக் கண்டு அஞ்சினார்கள் என்பதை அறிய, பொருநை பிறக்கும் பொதிகையை நோக்கிச் செல்ல வேண்டும்.

கடையத்துக்கு அருகில் உள்ள தோரணமலையில் அகத்தியரும் அவர் மாணவர் தேரையரும் வாழ்ந்து மருத்துவம் செய்தார்கள் என்பது இப்பகுதியின் ஐதிகம். தேரையர் என்ற பெயர் வந்ததற்கு ஒரு கதை சொல்வார்கள். ஓர் அரசனுக்குத் தீராத தலைவலி. அவன் உறங்கிக் கொண்டிருந்தபோது ஒரு சிறு தேரை மூக்கின் வழியாக ஏறி மூளையில் தங்கிவிட்டது. அகத்தியர் கபாலத்தைத் திறந்தார்; தேரை மூளையைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிடுங்கினால் மூளை சிதையும் என்று குரு தயங்கி நிற்க, சீடன் ஒரு பாத்திரத்தில் நீரைக் கொண்டுவந்து சலசலக்கச் செய்தான். நீரின் ஒலியைக் கேட்ட தேரை தானாகவே தாவி நீரில் குதித்தது. கதையைக் கதையாகவே கொள்வோம். ஆயினும், மூளைக்குள் வேண்டாத ஒன்று தங்கிவிடக் கூடும் என்பதையும், அதைக் கத்தி எடுக்க மாட்டாது, நீரே எடுக்கும் என்பதையும் மலையடிவாரத்து ஜனங்கள் ஒரு கதையாக வைத்துக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள் என்பது நினைக்க நினைக்க இனிப்பதாயிருக்கிறது.

தேரையர் பெயரால் வழங்கும் பிணியணுகா விதி, நோயின்றி வாழ விரும்புவோர் கடைப்பிடிக்க வேண்டிய நியமங்களைச் சொல்லுகிறது. பகலில் உறங்கலாகாது என்பது அதில் ஒன்று. இடக்கையைக் கீழே வைத்து ஒருக்களித்துப் படுக்க வேண்டும் என்பது மற்றொன்று. இவற்றைக் காட்டிலும் என் மனத்தைக் கவர்ந்தது சித்த மருத்துவத்தில் வரும் பதினான்கு வேகங்கள் என்னும் பகுப்பு. வேகம் என்பது தேகம் தானாகவே எழுப்பும் உந்துதல். அதை அடக்கினால் நோய் வரும். அவற்றின் வரிசையைப் பாருங்கள்: கீழ்க்காற்று, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, நித்திரை, வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம். வடமொழியில் வாக்படர் இயற்றிய அஷ்டாங்க ஹிருதயமும் இதே பொருளைப் பதின்மூன்று வேகங்களாக வகுத்துரைக்கிறது.

இந்த வரிசையில் பெரும்பான்மையானவை எவை? தேகம் வேண்டாததை வெளியே தள்ளும் செயல்கள். சிறுநீரும் மலமும் வாந்தியும் தும்மலும் கண்ணீரும் நிற்கும் பந்தியில் நித்திரையையும் உட்கார வைத்தார்கள் நம் வைத்தியர்கள். நித்திரையை அடக்கினால் தலை கனக்கும், கண் சிவக்கும், காது மந்தப்படும், பேச்சு அரைகுறையாகும் என்று அதன் பலனையும் எழுதினார்கள். இரண்டு இரவு தொடர்ந்து கண்விழித்தவரின் முகத்தை உற்றுப் பார்த்து எழுதிய லக்ஷணம் அது. மலத்தை அடக்கினால் வயிறு கெடும் என்பதற்கும், உறக்கத்தை அடக்கினால் தலை கெடும் என்பதற்கும் ஒரே நியாயம்தான் என்று அவர்கள் கண்டது அனுபவத்தினால். அதன் உட்காரணத்தை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்று நான் சொல்லத் துணியேன். அப்படிச் சொல்வது அவர்களுக்குப் பெருமையும் ஆகாது. கண்டதைக் கண்டபடி எழுதினார்கள். அந்தப் பெருமையே போதும்.

பாளையங்கோட்டையில் 1964-ஆம் ஆண்டு அரசு சித்த மருத்துவக் கல்லூரி தோன்றியது. அடுத்த ஆண்டிலேயே திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி தோன்றி, இன்று ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி என்று ஊரார் சொல்லும் இடத்தில் நடந்து வருகிறது. ஒரே ஊரில், ஒரு கல்லூரியில் பதினான்கு வேகங்களையும் மற்றொன்றில் மூளைத் தண்டுவடத் திரவத்தின் ஓட்டத்தையும் பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள். இரண்டு பாடங்களும் ஒன்றையொன்று எட்டிப் பார்க்கும் காலம் கடந்த சில ஆண்டுகளில்தான் வந்தது.

மூளையைச் சூழ ஒரு தெளிந்த நீர் இருக்கிறது என்பதை 1764-இல் நேப்பிள்ஸ் நகரத்து வைத்தியர் கொட்டுஞோ எழுதினார். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு பாரிஸில் மஜாந்தி அதைச் செவ்வையாக ஆராய்ந்தார். வயது வந்த ஒருவரிடம் அந்நீர் எந்நேரமும் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் இருக்கும். நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் புதிதாகச் சுரக்கும். அதாவது பழைய நீர் போய்ப் புதுநீர் வருவது தினம் மூன்று, நான்கு தடவை நடக்கிறது. மூளை அடிபடாமல் மிதப்பதற்கு மெத்தைபோல் உதவுவதே அதன் வேலை என்று நெடுங்காலம் பாடம் சொன்னார்கள். மெத்தைக்கு மட்டும் எதற்காக இவ்வளவு நீர் ஓட வேண்டும் என்ற கேள்வி பலருக்கு எழவில்லை.

அதோடு ஒரு பெரிய விடுகதையும் இருந்தது. உடம்பின் மற்ற உறுப்புகளிலே செல்கள் கழித்த அசுத்தத்தை வாரிக்கொண்டு போக நிணநீர்க் குழாய்கள் உண்டு. தேக எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள மூளையோ, நாம் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைத் தான் ஒன்றே எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு எரித்தால் சாம்பலும் அவ்வளவு விழத்தானே செய்யும்? ஆனால் மூளைத் திசுவினுள் நிணநீர்க் குழாய் ஒன்றும் காணோம். இத்தாலிய உடற்கூற்று அறிஞர் மஸ்காஞி 1787-இல் வெளியிட்ட படங்களில் மூளையின் உறையில் அத்தகைய குழாய்களை வரைந்திருந்தும், அதை நம்புவார் இல்லாது போயிற்று. 1985-இல் அமெரிக்காவில் பட்ரிசியா கிரேடியும் அவருடைய சகாக்களும், மூளை நீரில் இட்ட ஒரு சாயப் பொருள் இரத்தக் குழாய்களின் ஓரமாகவே விரைந்து உள்ளே போவதைக் கண்டு எழுதினார்கள். அதையும் பிறர் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. கண்டவர் சொல்லியும் கேளாத காதுகள் எல்லாத் தேசத்திலும் உண்டு.

2012-இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கேன் நெடர்கார்டு என்னும் பெண்மணியும், ஜெப்ரி இலிஃப் முதலிய சகாக்களும், உயிருள்ள எலியின் மூளையில் அந்த நீரின் பாதையை நேரே பார்த்தார்கள். இரத்தக் குழாய்களைச் சுற்றி உறைபோல ஒரு மெல்லிய இடைவெளி இருக்கிறது. நாடி துடிக்கும் வேகத்தால் மூளை நீர் அந்த இடைவெளியினூடே உள்ளே தள்ளப்படுகிறது. விண்மீன் வடிவமுள்ள துணைச் செல்களின் பாதங்களில் நீர் புகுவதற்கென்றே அமைந்த அக்வாபோரின் என்னும் நுண்வாயில்களின் உதவியால் திசுவுக்குள் பரவி, கழிவைக் கழுவிக்கொண்டு சிரை ஓரமாக வெளியேறுகிறது. துணைச் செல்களுக்குரிய கிளையா என்ற பெயரையும் நிணநீரின் ஆங்கிலப் பெயரையும் சேர்த்து இதற்குக் கிளிம்பாடிக் மண்டலம் என்று பெயரிட்டார்கள். 2015-இல் வர்ஜீனியாவிலும் ஹெல்சிங்கியிலும் இரண்டு ஆராய்ச்சிக் கூட்டத்தார் தனித்தனியே மூளை உறையில் நிணநீர்க் குழாய்களைக் கண்டபோது, மஸ்காஞி வரைந்த படம் இருநூற்று இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் மெய்யாயிற்று.

உறக்கம் இதில் எங்கே வருகிறது? 2013-இல் அதே நெடர்கார்டின் கூடத்தில் லுலு ஷீ என்பவர் எலிகளை விழித்திருக்கும்போதும் உறங்கும்போதும் சோதித்தார். விழிப்பில் மூளைச் செல்களுக்கு இடையே இருக்கும் வெளி, மூளையின் கன அளவில் நூற்றுக்குப் பதினான்கு பங்கு. உறக்கத்தில் அதுவே இருபத்து மூன்று பங்காக விரிந்தது. ஆல்சைமர் 1906-இல் விவரித்த மறதி நோயில் மூளையில் படியும் அமிலாய்டு என்னும் புரதம், உறங்கும் எலியின் மூளையிலிருந்து இரு மடங்கு வேகத்தில் அகன்றது.

இதைப் படித்தபோது எனக்கு எலி தோன்றவில்லை, பாளையங்கால்வாய் தோன்றியது. பழவூர் அணையில் பிரிந்து மேலப்பாளையத்தையும் பாளையங்கோட்டையையும் தொட்டு ஓடும் அக்கால்வாயில், நீர் நிறைந்து வயலுக்குப் பாயும் காலத்தில் ஒருவரும் மண்வெட்டியோடு இறங்க முடியாது. பிசானப் பயிர் அறுவடையாகி, கார்ப் பயிருக்குத் தண்ணீர் திறக்கும் நாளுக்கு முன்பாக, மடையை அடைத்து, ஆயக்கட்டுக்காரர்கள் வீட்டுக்கு ஓர் ஆளாக வந்து வண்டலை வாரிக் கரையில் போடுவார்கள். குடிமராமத்து என்னும் அந்த ஏற்பாட்டுக்கு 1858-இல் சென்னை ராஜதானியில் சட்டமும் உண்டாயிற்று. அந்த நாட்களில் கால்வாயைப் பார்ப்பவன், வேலை நின்று போயிற்று என்று நினைப்பான். வயலுக்கு வேலை நின்றது மெய். கால்வாய்க்கு அப்போதுதான் வேலை. மராமத்து இல்லாமல் ஒரு போகம் பார்க்கலாம், இரண்டு போகம் பார்க்கலாம். பிறகு கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. தூங்காதவனுடைய ஞாபகமும் அப்படித்தான், கடைமடையிலிருந்து காய்கிறது. மூளையின் மராமத்துக்கும் வயலின் மராமத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு: இங்கே மடையை அடைத்து வண்டல் வாருகிறோம், அங்கே விழிப்பின் வேலை அடங்கியவுடன் வழி அகன்று நீர் கூடுதலாகப் புகுகிறது.

மனிதரிடத்தில் இதைப் பார்ப்பது எளிதன்று. 2018-இல் அமெரிக்காவில் இருபது ஆரோக்கியமான நபர்களை ஓர் இரவு விழிக்க வைத்துப் படமெடுத்தபோது, ஞாபகத்துக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் முதலிய பகுதிகளில் அமிலாய்டு கூடியிருந்தது. 2019-இல் பாஸ்டனில் லாரா லூயிஸ் குழுவினர், ஆழ்ந்து உறங்குவோரின் மூளைக்குள் அந்நீர் மெதுவான பெரிய அலைகளாகப் புகுந்து வருவதைக் கண்டனர். எதிர்வழக்கும் உண்டு. 2024-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள், உறங்கும் எலியின் மூளையில் சாயம் அகல்வது விழித்த எலியைவிடக் குறைவாகவே இருக்கிறது என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் நெடர்கார்டு குழு, ஆழ்ந்த உறக்கத்தில் நாரட்ரீனலின் என்னும் ரசாயனம் ஏறி இறங்குவதற்கு இசைய இரத்தக் குழாய்கள் சுருங்கி விரிந்து நீரை இறைக்கின்றன என்றும், சோல்பிடம் என்ற தூக்க மாத்திரை எலியினிடம் அந்த இறைப்பைத் தளர்த்துகிறது என்றும் காட்டியது. வழக்கு முடியவில்லை. ஒருக்களித்துப் படுத்த எலியில் கழிவு நன்றாக அகல்கிறது என்று 2015-இல் கண்டதை எடுத்துக்கொண்டு, தேரையர் சொன்னது நிரூபணமாயிற்று என்று முழக்குவோரையும் பார்க்கிறேன். அந்த எலிகள் வலப்பக்கம் கிடத்தப்பட்டவை. தேரையர் சொன்னதோ இடப்பக்கம். முன்னோரிடம் நமக்குள்ள மதிப்பு, அவசர முடிவுகளால் வளர வேண்டியதில்லை.

சாஸ்திரத்தை இவ்வளவில் நிறுத்தி, உறக்கத்தையே தொழிலாகக் கொண்ட ஓர் ஊருக்குப் போவோம். பாளையங்கோட்டைக்கு மேற்கே சேரன்மாதேவிச் சாலையில் இருக்கிறது பத்தமடை. வைத்தியராகத் தஞ்சையில் படித்து, மலேயாவில் வைத்தியம் செய்து, பின்பு ரிஷிகேசத்தில் துறவியாக விளங்கிய சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்தது இவ்வூரில். உலகம் இவ்வூரை அறிவது பாயினால். பொருநைக் கரைகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் வளரும் கோரையை அறுத்து, பச்சையாக இருக்கும்போதே கத்தியால் நெடுக்கக் கீறி, உள்ளேயுள்ள சோற்றை நீக்கி, வெயிலில் காய வைப்பார்கள். பிறகு ஓடுகிற நீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். தேங்கிய நீர் உதவாது. ஓடும் நீரில்தான் கோரை ஊதிப் பருத்து, மாசு நீங்கி, வெளுக்கும். மறுபடி காயவைத்து மறுபடி கீறினால், நூலோ புல்லோ என்று கண் மயங்கும் இழை கிடைக்கும்.

லெப்பைக் குடும்பத்தார் பரம்பரையாகச் செய்துவரும் இந்நெசவை அருகிலிருந்து பார்க்க வேண்டும். தரைக்கு ஒரு சாண் உயரத்தில் பாவு நூல் நீட்டிக் கட்டியிருக்கும். நடுவே மூங்கில் முக்காலி ஒன்று அதைத் தூக்கிப் பிடித்திருக்கும். நெய்கிறவர் தாம் நெய்து முடித்த பாயின் மேலேயே குந்தியிருப்பார். நீண்ட குச்சியின் முனையில் நனைத்த கோரை இழையைக் கோத்து, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் பாவினூடே செலுத்தி, குச்சியை உருவி, மர அச்சை இழுத்து ஓர் அடி. பிறகு அடுத்த இழை. தறியும் ஓசையும் அவ்வளவுதான். நெருக்கமான பட்டுப்பாய் ஒன்று முடிய வாரங்கள் ஆகும். முடிந்தால் துணிபோல மடியும். கல்யாணத்துக்கு என்று சொல்லி வைத்தால் மணமகன் பெயரையும் மணமகள் பெயரையும் ஓரத்தில் நெய்து தருவார்கள். ஒரு புதுக் குடித்தனத்துக்கு முதற்சீராக நிம்மதியான நித்திரையைக் கொடுக்கும் இந்த வழக்கத்தைவிடப் பொருத்தமான வாழ்த்தை நான் அறியேன்.

பாய்களின் குணத்தைத் தனித்தனியே வகுத்துச் சொல்லும் பகுதியும் சித்த மருத்துவத்தில் உண்டு. ஈச்சம்பாய், தாழம்பாய், மூங்கிற்பாய், பனையோலைப் பாய் என ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் சொல்லி, கோரைப்பாய்க்கு உடற்குளிர்ச்சியும் நல்லுறக்கமும் தரும் குணத்தைச் சொல்லியிருக்கிறார்கள். நெல்லைச் சீமையின் கோடை இரவை அனுபவித்தவருக்கு இதற்கு அத்தாட்சி வேண்டாம். தரையின் குளிர்ச்சி இழைகளின் ஊடே முதுகுக்கு ஏறும், வேர்வை தங்காது, உடம்புச் சூடு இறங்க இறங்க உறக்கம் வரும். உறக்கம் வருவதற்கு உடம்பின் உட்சூடு சிறிது தணிய வேண்டும் என்பது இன்றைய உடலியலும் ஒப்புக்கொள்ளும் உண்மை. விடிந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட வேண்டும் என்ற வீட்டு நியமமும் கவனிக்கத் தக்கது. பகலில் விரித்த பாய் நோயாளிக்கு உரியது. அதனால்தான் நோய்வாய்ப்பட்டவனைப் பாயும் படுக்கையுமாகக் கிடக்கிறான் என்கிறோம். இரவைப் படுக்கைக்கும் பகலை உழைப்புக்கும் பிரித்துக் கொடுத்தது, சுருட்டி வைக்கக் கூடிய அந்தப் பாய்தான்.

எங்கள் ஆச்சி தார்சாவில் பாயை விரிக்கும் ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்காக நான் அரிக்கேன் விளக்கின் திரியைத் தூண்டித் தூண்டிப் படித்துக் கொண்டிருப்பேன். ஒன்பதரை மணிக்கு அவள் வந்து விளக்கைக் கையில் எடுத்துக்கொள்வாள். “படிச்சது போதும்ல, படு. படுத்து எந்திச்சாத்தான் படிச்சது மண்டையில நிக்கும்” என்பாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். அன்று எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. படித்தது பதிவதற்கு உறக்கம் வேண்டும் என்று அச்சில் படித்தபோது, அந்தக் கோபத்துக்கு மன்னிப்புக் கேட்க ஆச்சி இல்லை.

இரவு எவ்வாறு சுருங்கியது என்பதையும் பொருநை நதியே சொல்லும். 1880-களில் ஹார்வி கம்பெனியார் பாபநாசத்தின் நீர்விசையைக் கொண்டு விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை ஓட்டத் தொடங்கினார்கள். கோழி கூவுவதைக் கேட்டு எழுந்த ஜனங்கள் ஆலைச் சங்கைக் கேட்டு எழுந்தார்கள். பின்னர் ஷிப்டு என்ற சொல் தமிழாயிற்று. துணியாலைகளில் வயது வந்த ஆணுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று 1911-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதிக்க வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் அவர்கள் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 1944-இல் பாபநாசத்தில் நீர்மின் நிலையம் இயங்கியது. எந்த நீர் கோரையை ஊறவைத்து உறக்கத்தைத் தந்ததோ, அதே நீர் விளக்கை ஏற்றி இரவைப் பகலாக்கியது. மின்சாரத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை; அதன் வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறேன். ஆனால் மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் நள்ளிரவு தாண்டி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் தாய்மாரின் சிவந்த கண்களைப் பார்க்கும்போது, நித்திரையை அடக்கினால் கண் சிவக்கும் என்று எழுதிய வைத்தியரின் குரல் கேட்காமல் இல்லை. பத்தமடையிலேயே, கைப்பாய் நெய்தால் கூலி கட்டவில்லை என்று பீடித் தட்டுக்குப் போன குடும்பங்கள் உண்டு. பிளாஸ்டிக் பாயும், விசைத்தறிக் கோரைப் பாயும் வந்தபின், உறக்கத்தை நெய்தவர்களின் உறக்கமே போயிற்று.

நதியின் கீழ்க்கோடியில், ஆழ்வார்திருநகரியில், நம்மாழ்வார் பதினாறு ஆண்டுகள் அமர்ந்திருந்ததாகச் சொல்லப்படும் புளியமரம் நிற்கிறது. மற்றப் புளிய மரங்கள் அந்தியில் இலை கூம்பி உறங்கும். இது கூம்புவதில்லை என்று கூறி, உறங்காப்புளி என்று போற்றுகிறார்கள். உறங்காமை அங்கே ஓர் அதிசயமாகக் கருதப்பட்டது, வழக்கமாக அன்று. அதே ஆற்றங்கரைத் திருக்கோளூரிலும் திருப்புளியங்குடியிலும் பெருமாள் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கிறார். நெல்லையப்பர் கோயிலிலும் தினந்தோறும் பள்ளியறைப் பூசை முடிந்துதான் நடை சாத்துகிறார்கள். தெய்வத்துக்கே நியமமாக ஓர் இரவை ஒதுக்கிக் கொடுத்த சமூகம் இது.

இன்று பாளையங்கோட்டையில் பரீட்சைக் காலத்து இரவில் பத்து மணிக்கு மேல் நடந்து பாருங்கள். விடுதிகளின் ஜன்னல்களில் விளக்கு எரிகிறது. தனிப்பயிற்சி முடிந்து பிள்ளைகள் அப்போதுதான் சைக்கிளில் வீடு திரும்புகிறார்கள். அதிகாலை நான்கு மணிக்கு மறுபடி வகுப்பு. பதின்பருவத்துப் பிள்ளைக்கு எட்டு மணி முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். இவர்களுக்கு ஆறு மணி நேரமும் கிடைப்பதில்லை. அவையில் நெடுநேரம் இருந்த அரசனிடம் சென்று, துயில்க என்று சொல்ல அன்று மருத்துவரும் அமைச்சரும் இருந்தார்கள். இந்தப் பிள்ளைகளிடம் சொல்ல யார் இருக்கிறார்கள்?

ஆசிரியப் பெருமக்களே, விடுதிக் காப்பாளர்களே, பெற்றோர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றே. இந்த ஆண்டுப் பரீட்சைக்கு முந்திய மாதத்தில், பத்து மணிக்கு விளக்கை அணைத்து, காலை ஆறு மணிவரை பிள்ளைகளை எழுப்பாதீர்கள்.